கண்ணால் பார்த்த அதிகாரி

பிரதேச ராணுவத்தில் பகுதிநேரச் சிப்பாயாக இருந்த சூசைக்கு ஓய்வூதியம் கிடைக்க ஒரு வருடச் சேவை குறைந்தது. புயல் அடித்த வருடம் அவன் முகாமுக்கு வரவேயில்லை என்று யாரோ பதிவில் எழுதிவிட்டார்கள்.

திருத்தச் சொல்லிப் போனால், பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் தாண்டவமூர்த்தி. அதே முகாமில் சுபேதாராக இருந்து எல்லாரையும் ஆட்டிவைத்த மனிதர்.

"எனக்கு உன்னை ஞாபகமே இல்லை. நீ வந்ததைக் கண்ணால் பார்த்த அதிகாரியைக் கூட்டிட்டு வா," என்றார். மற்ற அதிகாரிகள் எல்லாரும் செத்துப்போனது அவருக்கும் தெரியும்.

வரிசையில் நின்ற பழைய சிப்பாய்கள் காதில் விழும்படி சூசை சொன்னான்: "சரிங்கய்யா, போறேன். நீங்க ரொம்ப சாதுன்னு பசங்க சொன்னது சரிதான். புயல் வருஷம் ஒருத்தனைக்கூடத் தண்டிக்கத் தைரியமில்லாம கூடாரத்துக்குள்ளயே இருந்தீங்களாமே?"

தாண்டவமூர்த்தியின் மீசை துடித்தது. "எவன்டா சொன்னான்? உன் பூட்ஸை உன் கழுத்திலயே கட்டித் தொங்கவிட்டு, கொட்டுற மழையில மைதானத்தைச் சுத்தி ஓடவிட்டது யாருடா? நான்டா!"

"அது வேற வருஷமா இருக்கும்யா."

"புயல் வருஷம்தான்டா! கூடாரமெல்லாம் பறந்துச்சு, நீ ஓடிக்கிட்டே இருந்தே!"

வரிசை கொல்லென்று சிரித்தது. சூசை மனுவை அவர் முன்னால் வைத்தான்.

"பார்த்த அதிகாரி கிடைச்சுட்டாரு. கையெழுத்துப் போடுங்கய்யா."

இத்தனை பேர் கேட்ட பிறகு என்ன செய்வார்? போட்டார். "இப்ப திருப்திதானே?" என்று உறுமினார்.

"பென்ஷனுக்குத் திருப்திங்கய்யா," என்றான் சூசை. "பூட்ஸுக்கு இன்னும் இல்லை."