அடுப்பு மாறிய முறுக்கு

மானிய நிதியம் ஒன்று கைகொடுக்க, சங்கரன்கோவிலில் சந்தனமாரி முறுக்கு சுட்டாள், பாத்துமுத்து சோப்பு காய்ச்சினாள். மாதம் ஒருநாள் ஒருவரிடம் ஒருவர் தொழில் படிக்க வேண்டும் என்பது நிதியத்தின் விதி. அன்றைக்கு இருவரும் அடுப்பு மாறி உட்காருவார்கள்.

நிதியத்திலிருந்து சோதிக்க வந்த ஆலோசகர் மூக்கைச் சுளித்தார். "முறுக்கும் சோப்பும் ஒண்ணுகிட்ட ஒண்ணு என்னத்தைப் படிக்கும்? இப்பவே நிரூபிக்கணும். இல்லேன்னா மானியம் கட்."

"மொதல்ல சாப்பிடுங்க சார்" என்று சந்தனமாரி தட்டை நீட்டினாள்.

ஆலோசகர் ஒன்று விடாமல் தின்றார். "இதுதான் கைப்பக்குவம்! அந்தச் சோப்புக்காரி ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படிச் சுடுவாளா?"

"பாத்துமுத்து அக்கா சுட்டதுதான் சார்."

ஆலோசகர் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, சோப்புச் சட்டி வேற" என்றாள் சந்தனமாரி. "இந்தாங்க, போன மாசம் நான் காய்ச்சின சோப்பு. கையைக் கழுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க."