வாழைத்தாருக்கு முன்சீட்டு

"சாமி, ஏமாந்துட்டேன்" என்றார் பூபதி.

குரு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"யார் ஏமாத்தினது?"

"ஷாக் அப்சார்பர், சாமி."

குருவின் குடில் செம்பாறை மலையின் உச்சியில் இருந்தது. மேலே வர ஒரே பாதைதான். அதைப் பாதை என்று சொல்லப் பெரிய மனசு வேண்டும். கல், பள்ளம், மறுபடி கல். ஜீப் மட்டும் ஏறும்.

பூபதிக்கு ஐம்பத்தாறு வயது. டைல்ஸ் கடையை மகன் தலையில் கட்டிவிட்டு ஞானம் தேடி வந்தவர். குருவுக்கு நாற்பதுதான். ஞானத்துக்கு யார் ஜாதகம் பார்க்கிறார்கள்?

இன்றைக்கு உபதேசம் தருவதாகக் குரு சொல்லியிருந்தார். இரண்டே நிபந்தனைகள். உச்சிவேளைக்குள் வர வேண்டும், மனைவியும் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பூபதி தனியாக நின்றார். சட்டையெல்லாம் வியர்வை. கையெல்லாம் கறுப்பு எண்ணெய்.

"கம்பெனியில போட்டுக் குடுத்ததைக் கழட்டிட்டு, வெளியில வாங்கி மாட்டினேன் சாமி. நாலு சக்கரத்துக்கும். மஞ்சக் கலர். ரேஸ் ஓட்டுறவங்க போடுறதாம்."

"அழகா இருக்குமே."

"அழகுக்கா போட்டேன்? இந்தக் கல்லும் பள்ளமும் தெரியவே கூடாதுன்னு போட்டேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரியலையே! ஊஞ்சல்ல உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. முன்னெல்லாம் உருட்டி உருட்டி வருவேன். இதை மாட்டினப்புறம் பறந்து வந்தேன்."

"அப்புறம்?"

"கொஞ்ச நாளா பின்னால எண்ணெய் கசிஞ்சுது. துடைச்சு விட்டேன்."

"துடைச்சீங்களா?"

"பளபளன்னு துடைச்சேன் சாமி. அப்படியும் இன்னைக்குப் பின்பக்கம் ரெண்டும் போயிடுச்சு. கல்லுல ஏறினா வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்குது. வித்தவனுக்குப் போன் போட்டா, கல்லு மேல ஓட்டினா கியாரண்டி கிடையாதுங்கிறான். மலையில கல்லு இல்லாம பஞ்சு மெத்தையா போட்டு வச்சிருக்கும்?"

குரு ஒரு பிடி மொச்சையை அவர் பக்கம் தள்ளினார். பூபதி உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

"உங்க சம்சாரம் எங்க?"

"கீழ வளைவுல, வண்டி நிக்கிற இடத்துல இருக்கா சாமி. ஒரு பாறை மேல."

"பாறை மேல என்ன பண்றாங்க?"

"இறங்கி உட்கார்ந்துட்டா. செத்தாலும் இந்த வண்டியில ஏற மாட்டேன்னுட்டா. அதை விடுங்க. ஷாக் அப்சார்பரே இப்படிக் கைவிட்டுச்சுன்னா, மனுசன் எதைத்தான் சாமி நம்புறது?"

பெண்டாட்டி நடுக்காட்டில் பாறை மேல். இவருக்கு இங்கே தத்துவம்.

குரு எழுந்து மடியிலிருந்த தோலை உதறினார்.

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

"ஷாக் அப்சார்பரையா சாமி?"

குரு முன்னால் நடந்துவிட்டார்.

*

தமயந்தி பாறை மேல் உட்கார்ந்து சீத்தாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு விதையையும் ஜீப்பைப் பார்த்துத் துப்பினாள். ஒன்றுகூடக் குறி தப்பவில்லை.

குருவைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க சாமி. உபதேசம்னா இங்கயே சொல்லிடுங்க. நான் ஏறுறதா இல்ல."

குரு ஜீப்பைச் சுற்றி வந்தார். பூபதி அடியில் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். குரு குனியவே இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

முன்சீட்டில் ஒரு வாழைத்தார் உட்கார்ந்திருந்தது. சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தது.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சாமி. அடிபடக் கூடாதுல்ல?"

"அம்மா எங்க உட்கார்ந்தாங்க?"

"பின்னாலதான்."

பின்னால் பலகை மாதிரி ஒரு சீட்டு. சரியாகச் சக்கரத்துக்கு மேலே.

"போன வாரம் முன்னால யார் வந்தது?" என்று குரு தமயந்தியைக் கேட்டார்.

"பூசணிக்காய் சாமி. அதுக்கு முந்தின வாரம் அரிசி மூட்டை. இந்த வாரமாவது எனக்குக் கிடைக்கும்னு நினைச்சேன். தார் முந்திக்கிச்சு."

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?"

"எங்கப்பா லாரி வச்சிருந்தார். கல்யாணத்துக்கு முந்தி கரும்பு லோடு ஓட்டியிருக்கேன்."

"லைசென்ஸ்?"

"தவறாமப் புதுப்பிச்சு வச்சிருக்கேன் சாமி. சாவிதான் யாரும் குடுக்கல."

பூபதிக்கு இருமல் வந்தது.

குரு கையை நீட்டினார். பூபதி அந்தக் கையைப் பார்த்தார். தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தார். அது அப்படியே தமயந்தியின் கைக்குப் போனது.

"சாமி, ஷாக் அப்சார்பர் போன வண்டி! நானே திணறுறேன், இவ எப்படி..."

"நீங்க பின்னால ஏறுங்க."

"பின்னாலயா?"

"தாரையும் மடியில வச்சுக்குங்க. அடிபடக் கூடாதுல்ல?"

குரு முன்சீட்டில் உட்கார்ந்தார். தமயந்தி முந்தானையை இழுத்துச் செருகினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். வண்டி நகர்ந்தது.

முதல் கல்லிலேயே பூபதி, தாரோடு எழும்பித் தாரோடு விழுந்தார்.

"மெதுவா!"

"நடந்து வர்ற ஆள்கூட நம்மைத் தாண்டிடுவான். இதைவிட மெதுவா எப்படிப் போறது?"

"பள்ளம்! பள்ளம்!"

"தெரியுது. தாரைப் பிடிங்க."

"ஐயோ, என் இடுப்பு! தமயந்தி, பாத்துப் போ! பாத்துப் போம்மா!"

கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். சிரித்தாள். கரும்பு லாரிக்காரி சிரிப்பு. மரத்திலிருந்த குரங்குகள் ஒரு கிளை தள்ளி உட்கார்ந்தன.

ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலும் நின்றாள். தூங்கும் பிள்ளையைப் பாயில் விடுவது போல ஒவ்வொரு சக்கரமாக இறக்கினாள். குரு கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி, தியானமா?"

"இல்லம்மா. முன்சீட்டு சுகமா இருக்கு."

உச்சிக்கு வந்தபோது நிழல் காலடியில்தான் இருந்தது. நேரம் தப்பவில்லை. தாரில் ஒரு காய்கூட உதிரவில்லை. பூபதிதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை விட்டு மறுகாலைத் தேடி, கீழே இறங்கினார்.

"சரி, ரெண்டு பேரும் உட்காருங்க. உபதேசத்துக்கு நேரமாச்சு" என்றார் குரு.

பூபதி உட்காரவில்லை. அந்தப் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க சாமி. இவகிட்ட ஒண்ணு கேக்கணும்."

குரு காத்திருந்தார்.

"தமயந்தி, இத்தனை வருஷமா பின்னால இப்படித்தான் இருந்துச்சா?"

"மஞ்சக் கலர் மாட்டின புதுசுல கொஞ்ச நாள் பரவாயில்ல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே!" என்றாள் தமயந்தி. "ஒவ்வொரு கல்லுக்கும் பாத்துப் போங்க, பாத்துப் போங்கன்னு சொன்னேனே. நீங்கதான் ஷாக் அப்சார்பரை மாத்தினீங்க."