இட்லி தின்ற கட்டைக்கொம்பன்

ஒரு தென்னந்தோப்பின் நடுவே குளம் ஒன்று இருந்தது. அதன் கரையில் மூன்று பிராணிகள் வசித்தன. கட்டைக்கொம்பன் என்ற வெள்ளாட்டுக் கிடாய், மணிமூக்கி என்ற வாத்து, கருப்பழகி என்ற எருமை.

கிடாய்க்கு எப்போதும் பசி. வாத்துக்கு வாய் ஓயாது. எருமையோ, காலையில் ஒன்று கேட்டால் நன்றாக அசைபோட்டு முடித்துச் சாயங்காலம்தான் பதில் சொல்லும்.

தோப்பின் சொந்தக்காரர் கிட்டுசாமி. தோப்புக்குள் ஓட்டு வீடு ஒன்று கட்டி, விடுமுறைக்கு வரும் பட்டணத்துக் குடும்பங்களைத் தங்க வைப்பார். அந்தப் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்றுதான் கிடாயையும் வாத்தையும் வளர்த்து வந்தார்.

ஒரு மே மாதம், சென்னையிலிருந்து ஒரு குடும்பம் பத்து நாள் தங்க வந்தது. அப்பா பிரசன்னா. அம்மா வித்யா. மகள் இதழினிக்கு நாலு வயது.

காரை விட்டு இறங்கியதும் இதழினி ஓடிப்போய், கொட்டகையில் தேங்காய் எடை போடும் தராசின் மேல் ஏறி நின்றாள்.

"பதினாலு கிலோ!" என்று சிரித்தார் கிட்டுசாமி. "அம்மிணி நம்ம தோப்புத் தேங்கா மாதிரியே இருக்குதுங்க!"

"இதுக்கே நான் படற பாடு எனக்குத்தான் தெரியும் அண்ணா" என்றாள் வித்யா. "வாயையே திறக்க மாட்டா. ஒரு இட்லிக்கு ஒரு மணி நேரம்."

"இங்க வந்துட்டீங்கல்ல, இனிப் பாருங்க! எங்கூட்டுக்காரி சமையலுக்குத் தட்டையே நக்கிப்போடும்!"

மறுநாள் காலை. வித்யா தட்டில் மூன்று இட்லியோடு குளத்தங்கரைக்கு வந்தாள். இதழினி உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். அதற்குள் வீட்டில் போன் அடித்தது. "நான் வர்றதுக்குள்ள ஒண்ணாவது சாப்பிட்டிருக்கணும்!" என்று சொல்லித் தட்டை வைத்துவிட்டு வித்யா ஓடினாள்.

வேலிக்குப் பக்கத்தில் நின்ற கட்டைக்கொம்பன் மூக்கை நீட்டியது.

"பாப்பா! அந்த வெள்ளையா இருக்கிறது என்ன?"

பெரியவர்களுக்கு அது வெறும் 'மே' என்றுதான் கேட்டிருக்கும். ஐந்து வயது ஆகாத பிள்ளைகளுக்கோ பிராணிகளின் பேச்சு நன்றாகப் புரியும்.

"இட்லி. எனக்கு வேண்டாம்" என்றாள் இதழினி.

"வேண்டாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறாய்? எனக்குக் கொடு!"

"அம்மா கிட்ட சொல்ல மாட்டியே?"

"சொன்னாலும் அவங்களுக்கு எங்கே புரியப்போகிறது!"

மூன்று இட்லியும் மூன்று வாயில் போயின. வித்யா திரும்பி வந்து பார்த்தாள். தட்டு காலி! அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உடனே அக்காவுக்கு போன் போட்டாள்.

"அக்கா! மூணு இட்லிக்கா! அஞ்சே நிமிஷம்! எல்லாம் இந்தக் காத்துதான்!"

மத்தியானம் நெய் ஊற்றிய பருப்புச் சாதம் வந்தது. அதுவும் கிடாய் வயிற்றுக்குள் போனது. சாயங்காலம் மூன்று தோசை. அதுவும் அங்கேதான் போனது.

குளத்தில் நீந்திக்கொண்டிருந்த மணிமூக்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

"ஓஹோ! சங்கதி இப்படியா? எனக்குப் பங்கு கொடு. இல்லாவிட்டால் கத்தித் தோப்பையே கூட்டிவிடுவேன்!"

"கத்தாதே, கத்தாதே! காலையும் மாலையும் எனக்கு. மத்தியானச் சாப்பாடு உனக்கு!"

"பாலும் எனக்கு!"

"சரி, பாலும் உனக்கு. வாயை மூடு!"

தண்ணீரில் கழுத்தளவு கிடந்த எருமை மெதுவாகத் தலையைத் தூக்கியது.

"அப்படியென்றால்..." என்றது கருப்பழகி. நெடுநேரம் அசைபோட்டது. "அந்தக் குழந்தை என்ன தின்னும்?"

கிடாயும் வாத்தும் அப்போதே படுக்கப் போய்விட்டன. கேள்வி குளத்தோடு நின்றுபோனது.

குழந்தைக்குக் கிடைத்தது, காலையில் ஒரு பிஸ்கட், இடையில் இரண்டு மடக்கு இளநீர், அவ்வளவுதான். நாள் முழுக்க ஓடி ஆடினாள். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது பசிப்பது கூட அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் கிட்டுசாமி தராசில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார். "நானும்! நானும்!" என்று இதழினி ஏறி நின்றாள்.

கிட்டுசாமி எண்ணைப் பார்த்தார். தராசைத் தட்டினார். மறுபடி பார்த்தார்.

"ஏனுங்க... அம்மிணி பதிமூணுதானுங்க இருக்குது!"

வித்யாவின் முகம் வெளுத்துப்போனது. "அண்ணா, சரியா பாருங்க! அவ மூணு வேளையும் தட்டைக் காலி பண்றாளே!"

"அடுத்தது கட்டைக்கொம்பன்!" என்று இதழினி கிடாயையும் இழுத்து ஏற்றினாள். போன வாரம் இருபத்திரண்டு கிலோ இருந்த கிடாய், இப்போது இருபத்தாறு! வயிறு மத்தளம் போல இருந்தது.

"என்றா இது! வெறும் புல்லத் தின்னு இப்படி ஏறியிருக்குது!" என்று கிட்டுசாமி அதன் முதுகைத் தடவினார்.

கிடாய் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தியது.

பிரசன்னா மகளைத் தூக்கிப் பார்த்தான். கைக்கு இலேசாக இருந்தாள். "இவ்வளவு சாப்பிட்டும் இளைக்கறான்னா உடம்புல ஏதோ இருக்கு வித்யா. நாளைக்குக் காலைல டிபன் முடிச்சதும் கிளம்பிடலாம். சென்னை போய் டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர்கள் உள்ளே போன பிறகு கிட்டுசாமி கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து, மனைவியிடம் வருத்தமாகச் சொன்னார்: "நம்ம தோப்புக்கு வந்து புள்ளைக்கு நோவாயிப்போச்சுன்னா, இனி யாரு வருவாங்க? வர்றதுக்குப் புள்ளைகளே இல்லீன்னா கிடாய் எதுக்கு? நல்லா ஏறித்தான் இருக்குது. நாளைக்கே சந்தைக்கு ஓட்டிப்போடறேன்."

கட்டைக்கொம்பனின் நெஞ்சு அப்படியே உள்ளே போய்விட்டது. சந்தைக்குப் போன ஆடு எதுவும் திரும்பி வந்து அங்கே எப்படி இருந்தது என்று சொன்னதில்லை.

அது குளத்தங்கரைக்கு ஓடியது.

"மணிமூக்கி! மோசம் போனேன்! பாப்பா இளைத்துவிட்டாள் என்று அவர்கள் காலையில் கிளம்புகிறார்கள். நாளைக்கு எனக்குச் சந்தையாம்!"

"அடடா! அப்படியென்றால் காலைத் தோசையும் எனக்குத்தானா?"

"மடச்சி! கிடாய்க்கு அப்புறம் யார் முறை என்று நினைக்கிறாய்?"

வாத்து வாயைப் பிளந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதற்குப் பேச்சு வரவில்லை.

"குழந்தை சாப்பிட்டால் அவர்கள் போக மாட்டார்கள்" என்றது எருமை. இந்த முறை அது அசைபோடவே இல்லை. "நாளைக் காலைக்குள் அவளைச் சாப்பிட வையுங்கள்!"

மறுநாள் காலை. பெட்டிகள் காரில் ஏறிக்கொண்டிருந்தன. கண் சிவந்திருந்த வித்யா, மூன்று நெய்த் தோசையை மகள் கையில் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். இதழினி நேராகக் குளத்தங்கரைக்கு வந்தாள்.

"இந்தா, கட்டைக்கொம்பா!"

"எனக்கு வேண்டாம். நீ சாப்பிடு பாப்பா!"

"மாட்டேன்! நீதான் சாப்பிடணும். நாம ஃப்ரெண்ட்ஸ்!"

வாத்து சிறகை விரித்துக்கொண்டு முன்னால் வந்தது. "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான்!"

"பூச்சாண்டி உன்னை மாதிரி ஆடி ஆடி நடப்பானா?" என்று இதழினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பயமுறுத்தியும் பலனில்லை. கெஞ்சியும் பலனில்லை. நெய் மணம் வேறு கிடாயின் மூக்கைத் துளைத்தது. எங்கே தன்னை அறியாமல் கவ்விவிடுவோமோ என்று பயந்து, அது உதட்டை இறுக்கி மூடியது. தோசை இந்தப் பக்கம் வந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் திருப்பியது.

இதழினி இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன அடம் இது? வாயைத் திற!"

கிடாய் திறக்கவில்லை.

"ஒரே ஒரு வாய்! சாப்பிட்டாத்தான் பெரிய ஆடா ஆகலாம்!"

ஊஹூம்.

"காலைலேர்ந்து உன் பின்னாடியே சுத்தறேன். எனக்கு வேற வேலை இல்லையா?" வித்யாவின் குரல் அப்படியே மகளிடமிருந்து வந்தது. "இங்க பாரு, எப்படிச் சாப்பிடறதுன்னு நான் காட்டறேன். ஆ...!"

ஒரு துண்டு அவள் வாய்க்குள் போனது. அவள் மென்றாள். ஐந்து நாள் பசி சட்டென்று விழித்துக்கொண்டது.

"நல்லாத்தான் இருக்கு!" என்றாள் ஆச்சரியமாக. "பாத்தியா? இன்னொரு தடவை காட்டறேன்."

இரண்டாம் துண்டு போனது. மூன்றாவதும் போனது. கிடாயின் தாடியில் எச்சில் சொட்டியது. மணிமூக்கியால் தாங்க முடியவில்லை. அலகை நீட்டியது. கிடாய் அதன் காலை நன்றாக மிதித்தது.

"குவா...!"

அந்தச் சத்தத்தில் வித்யா ஓடி வந்தாள். அங்கே அவள் மகள், கன்னம் இரண்டும் உப்பியிருக்க, ஒரு கிடாய்க்குத் தோசை சாப்பிடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! டெய்லி நல்லா சாப்பிடும். இன்னிக்கு மட்டும் அடம்!" என்று புகார் சொன்னாள் இதழினி.

"டெய்லியா?"

வித்யா மகளைப் பார்த்தாள். கிடாயின் மத்தள வயிற்றைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. "ஏங்க! டாக்டர் வேண்டாம்! நோய் இங்க நிக்குது, தாடி வெச்சுக்கிட்டு!" என்று கத்தினாள்.

இதழினி இன்னும் ஒரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பெட்டிகள் காரிலிருந்து இறங்கின. கிடாய்க்கும் உயிர் வந்தது.

ஆனால் அன்று மத்தியானமே வித்யா சாம்பார் சாதத் தட்டோடு மகளைக் கிடாய் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தாள். "கட்டைக்கொம்பனுக்குச் சொல்லிக் குடு, கண்ணு!" கிடாய் வாயை மூடிக்கொண்டது. குழந்தை சாப்பிட்டுக் காட்டினாள். மீதி நாட்கள் முழுக்க மூன்று வேளையும் இதே கதை. கிளம்பும்போது தராசு பதினைந்து காட்டியது.

வித்யா ஊருக்குப் போய்ச் சும்மா இருப்பாளா? சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் அத்தனை பேருக்கும் சொன்னாள். அடுத்த விடுமுறைக்குத் தோப்பில் இடமே இல்லை. தட்டோடு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பொங்கல் வந்தது, பூரி வந்தது, கேசரி கூட வந்தது.

"இந்தக் கிடாய யாரு கேட்டாலும் குடுக்க மாட்டனுங்க!" என்றார் கிட்டுசாமி.

"ஒரே ஒரு வாய் தின்றால் என்ன ஆகும்?" என்று கிடாய் அழாக்குறையாகக் கேட்டது.

"பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். அப்புறம் சந்தைதான்" என்றது வாத்து.

கட்டைக்கொம்பன் பெருமூச்சு விட்டது. மூக்குக்கு முன்னால் கேசரி மணக்க, வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

பிறருடைய பசிக்கென்று வைத்த உணவை ஏமாற்றித் தின்பவருக்கு, கண்ணெதிரே விருந்து இருந்தாலும் வாய் திறக்க முடியாத நாள் வரும்.