வாசலில் கிடந்த செருப்புகள்

முன்னொரு காலத்தில், எல்லாக் கல்விச்சாலைகளும் முதலிடத்திலேயே இருந்த ஒரு நாடு இருந்தது. தலைநகரில் மட்டும் ஐந்து. ஐந்தின் வாசலிலும் ஒரே வாசகம்: 'போதனையில் இந்நாட்டின் முதல் கல்விச்சாலை.' தை மாதச் சேர்க்கைக்கு மலையடிவாரத்திலிருந்து கட்டுச்சோற்றோடு நடந்து வருகிறவர்கள் ஏதோ ஒரு வாசலில் நுழைவார்கள். நுழைந்தது தப்பு என்று தெரிவதற்குள் மூன்று வருஷம் ஓடியிருக்கும்.

அரசன் விசயகேசரி ஒருநாள் யானைமேல் நகர்வலம் போகையில் ஐந்து பலகைகளையும் வரிசையாகப் படித்துவிட்டான். மறுநாள் சபையில் கேட்டான்: "ஐந்து பேரும் முதலென்றால் இரண்டாவது எங்கே போயிற்று? சேர்க்கை நாளன்று கீழவாசலில் ஒரு கல் நிற்க வேண்டும். எங்கே பாடம் எப்படி நடக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். யார் செய்வீர்கள்?"

ஐந்தில் பெரிய கல்விச்சாலையின் தலைவர் வேதவனப் பண்டிதர் மட்டும் எழுந்தார். அரசவை விகடன் ஆவுடையானைக் கண்டால் அவருக்குப் பல நாளாக ஆகாது.

"அரசே, இது ஆவுடையானுக்கே உரிய வேலை. ஆனால் நியாயம் வேண்டும். கல்லில் புகழ்ந்தோ இகழ்ந்தோ ஒரு சொல்லும் இருக்கலாகாது. இருப்பது உண்மையென்று ஐந்து தலைவர்களும் முத்திரையிட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விகடர் நாட்டைவிட்டு வெளியேறட்டும்."

அரசனுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "சம்மதமா, ஆவுடையா?"

ஆவுடையான் கணக்குப் போட்டுப் பார்த்தான். மறுத்தால் கோழை. ஏற்றால், தன்னைத் தாழ்த்தும் கல்லில் எந்தத் தலைவன் முத்திரை வைப்பான்? "சம்மதம், அரசே" என்று அவன் வாய் சொன்னது. மனம் அப்போதே மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது.

ஆறு நாட்கள் அவன் ஐந்து வாசல்களுக்கும் எதிரே மாறி மாறி உட்கார்ந்திருந்தான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பலகையில் இருப்பதைத்தான் சொல்வார்கள். ஆறாம் நாள் மாலை மனைவி உலகம்மையை அழைத்துவர மாமனார் வீட்டுக்குப் போனான். வாசலுக்கு வந்த உலகம்மை கீழே பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"எங்க அப்பா வீட்டுக்கு வந்தா மட்டும் செருப்பைத் தெருப்பக்கம் திருப்பி வச்சிட்டுத்தான் உள்ள வாரீங்க. எப்படா கிளம்பலாம்னு இருக்கோ?"

"அதெல்லாம் இல்ல, உலகு."

"உங்க சேக்காளி வீட்டுல பாத்திருக்கேனே. ஒண்ணு படியில கெடக்கும், ஒண்ணு சாக்கடையில கெடக்கும்."

ஆவுடையான் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். சோறு ஆறிப்போகும் என்று மாமியார் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகும் நின்றான்.

மறுநாள் அவன் ஒரு சிற்பியோடு கிளம்பினான். ஐந்து இடங்களிலும், உள்ளே பாடம் நடக்கும் வேளையில், வாசலையும் அங்கே கிடந்ததையும் இருந்தபடியே வரைந்து கல்லில் செதுக்கச் சொன்னான். கல் தயாரானதும் தலைவர்களைச் சிற்பக்கூடத்துக்கு அழைத்தான்.

"என்ன ஓய் இது?" என்றார் வேதவனப் பண்டிதர்.

"உங்கள் வாசலில் கிடந்த செருப்புகள், சுவாமி. ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை. பொய்யென்றால் சொல்லுங்கள், அழித்துவிடுகிறேன்."

"எத்தனை ஜோடி?"

"இருநூற்று நாற்பது."

பண்டிதர் குனிந்து பார்த்தார். இருநூற்று நாற்பது ஜோடியும் அணிவகுத்த படைபோல், முனை தெருவைப் பார்த்து, வரிசையாக இருந்தன. பக்கத்தில், பழைய செக்குக் கொட்டகையில் பாடம் நடத்தும் திருமேனியாரின் பங்கு. முப்பதே பேருடைய செருப்புகள். கோழி கிளறிய குப்பைபோல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

"ஒழுங்கு என்றால் என்னவென்று ஊர் பார்க்கட்டும்" என்று பண்டிதர் முதல் ஆளாக முத்திரையை அழுத்தினார். அவரே வைத்த பிறகு மற்ற மூவர் தயங்குவார்களா? கடைசியாகத் திருமேனியார் வெட்கத்தோடு வந்தார். "தினம் சொல்றேன், ஒழுங்கா விட்டுட்டு வாங்கன்னு. கேட்டாத்தானே. ஆனா பொய்யில்ல" என்று சொல்லி அவரும் வைத்தார்.

சேர்க்கை நாள். கல்லின் திரை விலகியது. அரசன் உற்றுப் பார்த்தான். "செருப்புக் கடையா இது?"

ஆவுடையான் கூட்டத்தையே பார்த்தான். படிக்க வந்தவர்களுக்கு இது புரியாவிட்டால் முத்திரைகள் இருந்தும் பயனில்லை.

கூட்டத்தில் முதலில் சிரித்தது மகளோடு வந்த ஒரு மலைக்காரி. "ஏட்டி, இங்கன பாரு. இம்புட்டுப் பேரும் கிளம்புறதுக்குன்னே வந்திருக்காக. அந்தக் கொட்டகையில பாரு, ஒருத்தன் ஒத்தச் செருப்பக் கழட்டக்கூட நேரமில்லாம உள்ள ஓடியிருக்கான்."

அங்கே உண்மையிலேயே ஒரு செருப்பு ஜோடியில்லாமல் கிடந்தது. சேர்க்கைக்கு நின்ற வரிசையில் சிரிப்பு பரவியது. வரிசை மெல்லத் திரும்பிச் செக்குக் கொட்டகைப் பக்கம் நகர்ந்தது.

"அரசே, இது சூழ்ச்சி" என்றார் பண்டிதர்.

"கல்லில் புகழ்ந்து ஒரு சொல் உண்டா, சுவாமி? இகழ்ந்து உண்டா?" என்றான் ஆவுடையான். "முதல் முத்திரை யாருடையது?"

அரசன் யானை மிரளும்படி சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆவுடையானுக்குப் போட்டான். "இந்த நாட்டைவிட்டு நீ எங்கும் போகக் கூடாது. ஆண்டுதோறும் இந்தக் கல் உன் பொறுப்பு."

மறுநாளே பெரிய கல்விச்சாலை வாசலில் செருப்புகளை உள்பக்கம் திருப்பிவைக்க இரண்டு காவலர்கள் நின்றார்கள். செய்தி கேட்டு அரசன் மறுபடி சிரித்தான். "அடுத்த ஆண்டு எல்லாச் செருப்பும் உள்ளேதான் பார்க்கும். நீ எதைப் பார்ப்பாய்?"

"அதை மட்டும் கேட்காதீர்கள், அரசே" என்றான் ஆவுடையான்.

தலைவர்கள் தவித்துப்போனார்கள். ஒருவர் படிகளைக் கழுவினார். ஒருவர் கதவுக்கு எண்ணெய் போட்டார். வேதவனப் பண்டிதர் தண்ணீர்ப் பானைகளைக்கூட மாற்றிப் பார்த்தார். ஆவுடையான் தினம் ஒரு வாசலுக்கு எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் எதைப் பார்க்கிறான் என்று கடைசிவரை பிடிபடாததால், வேறு வழியில்லாமல் எல்லோரும் ஒழுங்காகப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள்.