பாறையில் காயும் புளி

வேம்பு பூத்திருந்த பங்குனி. சிற்றம்பலம் சாமியின் தோட்டத்து வீட்டு வாசலைக் கூட்டி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடியும் பூ உதிர்ந்து கிடக்கும். பாவாயி மறுபடியும் கூட்டுவாள். கை சும்மா இருந்தால் அவளுக்கு ஆகாது.

ஊரார் சாமி என்று சொன்னாலும் அவர் காவி கட்டியவரில்லை. நாற்பது வயது. நாலு முழ வேட்டி, தலையில் துண்டு, ஒரு மாடு, ஏழெட்டுக் கோழி, கிணற்றடியில் கொஞ்சம் கீரை. மனசு சரியில்லாதவர்கள் அங்கே வருவார்கள். அவர் செய்கிற வேலையைக் கூடமாடச் செய்வார்கள். ஏதாவது கேட்பார்கள். அவர் ஏதாவது சொல்வார், அல்லது சொல்லமாட்டார். பொழுது சாயப் போய்விடுவார்கள்.

பாவாயி மட்டும் வந்தவள் போகவில்லை. அவருக்குச் சின்னம்மா வயது அவளுக்கு. ஆனாலும் அவரையே குருவாக வரித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தங்கிவிட்டாள். அவளுடைய வீடு தூரத்தில் இல்லை. குறுக்கே நடந்தால் மூன்று தோட்டம். கிணற்று மேட்டில் ஏறி நின்றால் அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறை தெரியும். தண்ணீர் எடுக்கப் போகும்போது அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டாள்.

போன சித்திரையில் அந்தப் பாறைமேல்தான் அவள் மகன் நல்லசிவம் இடி விழுந்து செத்தான்.

அவளிடம் இருந்தது ஒரே கேள்வி.

"புளி காஞ்சுட்டு இருந்துச்சுங்க சாமி. மேகம் கட்டுச்சு. அவன் சோத்துல கை வச்சிருந்தான். நான்தான், 'டேய், நனைஞ்சு போயிரும், ஓடிப்போய் அள்ளிட்டு வாடா'ன்னேன். கையைக்கூடக் கழுவல. ஓடினான். நான் சொல்லாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பானுங்களா?"

வந்த நாளில் கேட்டாள். ஆடியில் கேட்டாள். தை பிறந்தபோது கேட்டாள். ஒவ்வொரு முறையும் சாமி வேறு எதையோ சொல்வார். "மாடு தண்ணி குடிச்சுதுங்களா?" என்பார். "கீரைக்குக் களை எடுக்கணுமுங்களே" என்பார். அவள் எழுந்து அந்த வேலையைப் பார்ப்பாள்.

அங்கே சமையலும் அவள்தான். புளியை மட்டும் தொடமாட்டாள். குழம்புக்கு மாங்காயைப் போடுவாள், இல்லாதபோது தக்காளி. ரசம் என்ற ஒன்றை அந்த வீடு மறந்தே போயிருந்தது. சாமி ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

இந்தப் பங்குனியிலும் அவள் கேட்டாள். சாமி மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"செவலைக் கோழி கூடையை விட்டு எறங்க மாட்டேங்குதுங்க. அடைக்கு உக்காந்துருச்சு போல. முட்டை வைங்க" என்றார்.

பாவாயி பழைய கூடையைத் தட்டி எடுத்து, ஆற்று மணலைப் பாதிக்குப் பரப்பினாள். முட்டை ஒவ்வொன்றையும் வெயிலுக்குக் காட்டிப் பார்த்து அடுக்கினாள். கோடை மழைக் காலத்தில் சும்மா அடை வைக்கமாட்டார்கள். இடி இடித்தால் முட்டைக்குள் கரு கலங்கிவிடும் என்று பயம். அதற்காகக் கூடை மணலில் ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், ஒரு துண்டு இரும்பு, மூன்றையும் புதைப்பது வழக்கம். இரும்புக்கென்று உடைந்த அரிவாளின் நுனி ஒன்றை அவள் முந்தானை முடிச்சில் வைத்திருந்தாள்.

கரியைப் புதைத்தாள். மிளகாயைப் புதைத்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது.

மருமகள் கோகிலா. இடுப்பில் குழந்தை. வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகத் தொடங்கிவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது அத்தை. இங்க சாமி கோழிக்கு அடை வைக்கறீங்க. அங்க நம்ம கோழியைப் பூராவும் கீரி தின்னு ஏப்பம் விட்டுட்டுப் போகுது."

"நாயைக் கட்டிப் போடறதுதானே."

"நாயைக் கட்டினா கீரி வராதுங்களா? அத்தை, உங்க யோசனைக்கு உங்களை எம்மெல்லே ஆக்கலாம்."

பாவாயிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவள் நிமிரவில்லை. கை மணலிலேயே இருந்தது.

"புளி உலுக்க ஆள் சொல்லிட்டேன்" என்றாள் கோகிலா. "உடைச்சுக் காய வைக்கணும். சித்திரையில அவருக்குத் திதி வருது. நான் ஒருத்தி எதைன்னு பாக்கறது?"

பாவாயி மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்? அதையாவது சொல்லுங்க. என் மூஞ்சியைக்கூட ஏன் பாக்க மாட்டேங்கறீங்க?"

"உன்மேல ஒண்ணும் இல்ல."

"அப்போ திதிக்கு வாங்க. வந்து வீட்டுல இருங்க. இல்லையா, நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா ஊட்டுக்கே போயிர்றேன். பூட்டின ஊட்டுக்குப் பாறை காவல் இருக்கட்டும்."

குழந்தை கோழியைப் பார்த்துக் கையை நீட்டியது. "கோயி" என்றது. பாவாயி அப்போதும் தலையைத் தூக்கவில்லை. வண்டி போன சத்தம் அடங்கிய பிறகு கோழியைத் தூக்கி முட்டைமேல் உட்கார வைத்தாள்.

பால் கறந்துகொண்டிருந்த சாமி அங்கிருந்தே கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு விசயம் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க. அன்னைக்கு அவ சந்தைக்குப் போயிருந்தா. அவனாத்தான் போனான்னு நெனச்சுட்டிருக்கா."

"சரிங்க" என்றார் சாமி.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. சாமி மாட்டை அவிழ்த்து உள்ளே கட்டினார். பாவாயி காய்ந்த வேப்பம்பூவை அள்ளினாள். மழை பெரிதாக இல்லை. இடிதான் பெரிதாக இருந்தது. தலைக்கு நேர்மேலே ஒன்று வெடித்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பாவாயி காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். மெல்லக் கை இறங்கியது. முந்தானையைத் தடவியது.

முடிச்சு அவிழ்ந்திருந்தது. அரிவாள் நுனி இல்லை.

"ஐயோ, இரும்பு வைக்கலையே" என்று தரையைத் தடவினாள். "கரி வச்சேன். மொளகா வச்சேன். அவ வந்தாளா, பேச்சு வந்துச்சா... இரும்பை மறந்துட்டேன் சாமி. சேலை தொவைக்கையில முடிச்சு அவுந்து எங்கியோ உழுந்திருச்சு."

"இருட்டுல எதுக்குங்க தேடறீங்க?"

"கோழியைத் தூக்கிக் கூடையைப் பாக்கட்டுங்களா?"

"அடையில இருக்கறதைக் கலைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அதுவும் சரிதான். அவள் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கோழி கண்ணை மூடித் திறந்தது.

"எல்லாம் கூமுட்டையாப் போயிருக்கும். என் கை பட்டாலே இப்படித்தான். என் கை எதைக் காப்பாத்துச்சு, இதைக் காப்பாத்த?"

சாமி விளக்கை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அதற்கப்புறம் அவள் பழைய கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது? பதில்தான் கூடையில் இருக்கிறதே. கோழிக்கு முன்னால் கம்பு இறைப்பாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்காமல் எழுந்துகொள்வாள். மருமகளிடம் செய்ததையே கோழியிடமும் செய்தாள்.

பங்குனி முடிவதற்குள் ஒரு காலையில் கூடைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று குஞ்சுகள் இறக்கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. மீதி முட்டை அப்படியே இருந்தது. மறுநாள் உச்சிவரைக்கும் கோழி உட்கார்ந்து பார்த்தது. பிறகு எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கீழே குதித்தது. கொக், கொக் என்று கூப்பிட்டது. மூன்றும் பின்னாலேயே உருண்டு ஓடின.

"ஏய், எங்கடி போற?" பாவாயி துரத்தினாள். "நன்றி கெட்டவளே, இன்னும் நாலு கிடக்குதுடி உள்ள!"

கோழியைப் பிடித்துக் கூடையில் வைத்தாள். அது இறங்கியது. மறுபடியும் வைத்து இறக்கையை அழுத்திப் பிடித்தாள். வாசலில் மூன்று குஞ்சுகளும் தாயைக் காணாமல் கத்தின. கோழி அவள் புறங்கையில் ஒரு கொத்துக் கொத்தியது. ரத்தம் துளிர்த்தது. அவள் கையை விட்டாள்.

பால் ஊற்றப் போயிருந்த சாமி காலிக் கேனோடு வந்தார்.

"உங்க வீட்டுப் பக்கமாத்தான் வந்தேன்" என்றார். "பாறை பூராவும் புளி. பாப்பா நெழல்ல உக்காந்து கொட்டை பொறுக்கிட்டிருக்குது."

பாவாயி அதைக் காதில் வாங்கவில்லை. "நாலு போச்சுங்க சாமி" என்றாள்.

சாமி ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே தண்ணீராகக் கலகலத்தது. நான்கையும் எடுத்துத் துண்டில் வைத்தார்.

"இதைப் பொதைச்சுடறேன். நீங்க கூடையைக் கொட்டிக் கழுவி வைங்க."

பாவாயி வேப்பமரத்தடியில் கூடையைக் கவிழ்த்தாள். மணல் சரிந்தது. கரித்துண்டு விழுந்தது. நிறம் வெளுத்த மிளகாய் விழுந்தது. கடைசியாக, அடி மணலோடு, உடைந்த அரிவாள் நுனி விழுந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"நீங்க வச்சீங்களா?"

"இல்லீங்க."

"பின்ன யாரு?"

"அது யாரு முந்தானையில இருந்துச்சுங்க?"

பாவாயி நுனியை எடுத்துப் பார்த்தாள். அவளுடையதுதான். கோகிலா பேசிக்கொண்டிருந்தபோது தன் கை மணலுக்குள் இருந்தது நினைவுக்கு வந்தது. கை தன் பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது. மனசுதான் இல்லை என்று சாதித்திருக்கிறது.

"வச்சிருக்கேன்" என்றாள்.

"ஆமாங்க."

"எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கேன்."

"ஆமாங்க."

"அப்படியும் நாலு போயிருக்குது."

சாமி முட்டைகளை வைக்க மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆத்திரம்தான் வந்தது. ஒரு வருசமாக வராத அழுகை வந்தது. அரிவாள் நுனியை மண்ணில் வீசினாள்.

"எதுக்குங்க என்னைய இதைக் கொட்டச் சொன்னீங்க?" என்று கத்தினாள். "என் தப்புன்னு இருந்தேன். அதையாவது புடிச்சிட்டு இருந்தேன். அதும் இல்லீன்னா அவன் சும்மாவே போயிட்டானுங்களா? ஒரு காரணமும் இல்லாம? எம்புள்ளை... வெறும் மேகத்துக்கா போனான்? சொல்லுங்க சாமி. இன்னைக்கு மாடு, கீரைன்னு சொல்லாதீங்க. நான் அனுப்பலீன்னா அவன் இருந்திருப்பானா, மாட்டானா?"

சாமி குழியை மூடினார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து அவளைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியலீங்க" என்றார். "முதல் நாள் நீங்க கேட்டப்பவே தெரியல."

வெயில் சட்டென்று மங்கியது. வேப்பம்பூ வாசனையோடு ஈரக்காற்று ஒன்று வீசியது. கோழி ஒரு குரல் கொடுத்தது. குஞ்சு மூன்றும் ஓடி வந்து அதன் இறக்கைக்குள் புகுந்தன. மேற்கே எங்கோ உறுமியது.

பாவாயி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக, தானாகவே, கிணற்று மேட்டுக்கு அப்பால் பாறை இருக்கும் பக்கம் திரும்பினாள். சாமி அதற்குள் மேட்டில் ஏறி நின்று மூன்று தோட்டத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேகம் அந்தப் பக்கமாத்தான் கட்டுதுங்க" என்றார். "புளி இன்னும் பாறையிலதான் கிடக்குது."

அவள் எழுந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணு அள்ள ஓடும்" என்றார் சாமி. "போகாதேன்னு சொல்ல அந்த வீட்டுல யாருங்க இருக்காங்க?"