மூன்று நாள் வெயில்

"என் ஊர் வெயிலே என்னைத் துரத்திடுச்சு சாமி," என்றார் ஏகாம்பரம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன மடம். ஏகாம்பரம் அங்கே பன்னிரண்டு வருஷமாகச் சீடர். வயது அறுபத்திரண்டு. அடிகளுக்கு ஐம்பதுதான். குருவுக்கு வயது பார்த்தால் ஆகுமா?

வேலூரில் எண்பத்தைந்து வயது அம்மா தனியாக இருக்கிறார். "கடைசிக் காலத்துல கூட இருடா" என்று கூப்பிட்டிருந்தார். இவரும் போனார். நல்ல அக்னி நட்சத்திரம். மூன்றே நாளில் ஓடி வந்துவிட்டார்.

"அம்மாவை இங்கே கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்று கேட்டார் அடிகள்.

"மூச்சிரைப்பு இருக்கு சாமி. இந்தக் குளிர் அவங்களுக்கு ஆகாது."

"நீங்க அங்கேயே பொறந்து வளர்ந்தவர்தானே?"

"அதான் வயித்தெரிச்சல். மொட்டைமாடில அம்மா வடாம் பிழிவாங்க. உச்சி வெயில்ல செருப்பில்லாம காக்கா விரட்டிக்கிட்டு இருப்பேன். கால் சுட்டதா ஞாபகமே இல்லை. சாயங்காலம் தரையில தண்ணி தெளிப்பாங்க பாருங்க, அந்த வாசனை... அதெல்லாம் இனி எனக்கில்லைன்னு நினைச்சா அழுகையா வருது."

"இங்கே வந்த புதுசுல எப்படி இருந்தது?"

"பல்லு தந்தியடிச்சுது. நாலு தடவை மூட்டை கட்டினேன். நீங்கதான் இருங்க, இருங்கன்னீங்க."

"குளிர் எப்ப விட்டுச்சு?"

"குளிர் எங்கே விட்டுச்சு? ஒரு மாசம் போனதும் எனக்குத்தான் உறைக்கலை. இப்ப மார்கழியில பச்சைத் தண்ணியில குளிக்கிறேன்."

"ஒரு மாசம்," என்றார் அடிகள்.

"அங்கே மூணு நாளே முடியலையே சாமி. மத்தியானமும் போகும், ராத்திரியும் கரண்ட் போயிடும். ரெண்டாம் நாள் மயக்கமே போட்டுட்டேன். உனக்கு ஆகலைப்பா, நீ கிளம்புன்னு அம்மாவே சொல்லிட்டாங்க."

"கரண்ட் இல்லாம எப்படித் தூங்கினீங்க?"

"தூக்கத்துக்குக் குறைச்சலில்லை. அம்மா பக்கத்துல உட்கார்ந்து விடிய விடிய விசிறிக்கிட்டே..."

ஏகாம்பரம் நிறுத்திக்கொண்டார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வேலூருக்குத் திரும்பணும். மேட்டுப்பாளையம் பஸ் எத்தனை மணிக்கு சாமி?"

"நாலு மணிக்கு ஒண்ணு இருக்கு," என்றார் அடிகள். "சாப்பிட்டுட்டுப் போங்க."