மிளகு தின்ற இட்லி

"சாமி, மிளகுக்கு வலிக்குது" என்றாள் செண்பகவடிவு.

"உங்களுக்கு?" என்றார் சாமி.

கேட்க வந்தவள் அவள். கேள்வி தன் பக்கமே திரும்பும் என்று அவள் நினைக்கவில்லை.

மலையடிவாரத்துக் குடில் அது. நாலு அறை, ஓர் அடுப்படி, ஒரு கிணறு. குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது. ஊரார் அவரைச் சாமி என்பார்கள். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

வடிவு மாட்டாஸ்பத்திரியில் டாக்டராக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குடிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"கூட்டுவேன், சமைப்பேன், தண்ணி இறைப்பேன். ஊசியை மட்டும் தொட மாட்டேன் சாமி."

ஏன் என்று சாமி கேட்கவில்லை. "சரி டாக்டரம்மா" என்றார்.

மிளகு கறுப்பு நாய். பதினாலு வயது. குட்டியாக இருந்தபோது ஒரு மழைநாளில் எங்கிருந்தோ வந்து சாமியின் செருப்பின்மேல் சுருண்டு தூங்கியதாம். எழுப்ப மனமில்லாமல் அவர் வெறுங்காலோடு நடந்து போனார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

தினமும் காலையில் சாமி மலைமேல் உள்ள சுனைக்குக் குளிக்கப் போவார். மிளகு முன்னால் ஓடும். பாதி வழியில் நிற்கும். அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கும். வந்தால்தான் மேலே போகும். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

இப்போது மிளகு படுக்கையில் விழுந்து மூன்று வாரம். பின்னங்கால்கள் ஓய்ந்துவிட்டன. வாயெல்லாம் புண். மூச்சில் ஒரு நாற்றம். அந்த நாற்றத்தை வடிவு அறிவாள். சிறுநீரகம் கைவிட்ட நாய்கள் அப்படித்தான் மூச்சு விடும்.

"இது குணமாகாது சாமி."

"தெரியும்."

"ரெண்டு நாளும் ஆகலாம், ரெண்டு வாரமும் ஆகலாம். எப்படியானாலும் நல்லபடியா இருக்காது."

சாமி மிளகின் காதை நீவிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஊசி இருக்கு" என்றாள் வடிவு. "வலி தெரியாம முடிஞ்சிரும்."

"தெரியும்."

"போடணுமா வேண்டாமா? நீங்க சொல்லுங்க. டவுன்ல இருந்து ஆள் வரச் சொல்லுதேன்."

"மிளகைக் கேளுங்க."

வடிவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நாய் வாயைத் திறந்து பேசுமா சாமி?"

"இருபத்திரண்டு வருசமா வாய் பேசாத சீவன்களுக்குத்தானே வைத்தியம் பார்த்தீங்க?"

அவ்வளவுதான். சாமி இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு மிளகின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிட்டுப் பிட்டு நீட்டினார். மிளகு தலையைத் தூக்கி ஒவ்வொரு துண்டாக வாங்கிக்கொண்டது. வாலின் நுனி மட்டும் தரையில் லேசாகத் தட்டியது.

"முழுசா ஒரு இட்லி, டாக்டரம்மா!" என்றார் சாமி.

ஊரே திரண்டு வந்து காலில் விழும்போதும் சலனம் காட்டாத முகம் அது. இப்போது அதில் அப்படி ஒரு சந்தோஷம். வடிவு பார்க்கச் சகிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்று மத்தியானம், இரண்டு வருடமாகச் சொல்லாததை அவள் சொன்னாள்.

"ஒருத்தர் வயசான நாயைக் கொண்டுவந்தார் சாமி. கண் தெரியாத நாய். ஆனா நல்லாத் தின்னுச்சு, நடந்துச்சு. இன்னும் ஒரு வருசம் இருந்திருக்கும். அது படுற பாட்டைப் பார்க்க முடியலைன்னு அந்த மனுசன் தேம்பித் தேம்பி அழுதார். நானும் கண் கலங்கி ஊசியைப் போட்டுட்டேன்."

சாமி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து நாள் கழிச்சு அவரே ஒரு குட்டியைத் தூக்கிட்டுத் தடுப்பூசிக்கு வந்தார். சிரிச்சுக்கிட்டே வந்தார். இனிமே வீடு பூராவும் மூத்திரம் துடைக்கிற வேலை இல்லை டாக்டர்னு சொன்னார்."

"ம்."

"அதுக்கு முந்தி போட்ட ஊசியெல்லாம் நெஞ்சுக்குள்ள வந்து நின்னுச்சு. எது நாய்க்காகப் போட்டேன், எது மனுசனுக்காகப் போட்டேன்னு எனக்கே தெரியலை. தெரியாத வேலையை எந்த மூஞ்சியோட செய்யறது? விட்டுட்டு வந்துட்டேன்."

சாமி ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் ஒரு திட்டு.

"மிளகுக்குச் சாக்கை மாத்தணும்" என்றார் சாமி. "ஈரமாக் கிடக்கு."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்தாள். காய்ந்த சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். மிளகை இரு கைகளாலும் ஏந்தி மெல்ல நகர்த்திப் படுக்க வைத்தாள். பழைய சாக்கின் தலைமாட்டைத் தூக்கினாள்.

அடியில் இட்லி இருந்தது.

காலையில் ஊட்டியது மேலாக, வெள்ளையாக. அதற்குக் கீழே மஞ்சளித்துப் போனது. அதற்கும் கீழே பச்சைப் பூசணம் பூத்தது. மூக்கால் தள்ளித் தள்ளி உள்ளே சொருகியிருந்த அடையாளம் தரை மண்ணில் தெரிந்தது.

வடிவு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

குமட்டல் உள்ள நாய் சாப்பாட்டை மூக்கால் தள்ளி மூடிவைக்கும் என்று அவள் படித்திருக்கிறாள். அது புதிதில்லை. ஆனால் அவள் வைத்த கஞ்சியை மிளகு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் நீட்டிய ரொட்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாமி கையில் இருந்ததை மட்டும் வாங்கியது. புண்பட்ட வாயில் வைத்துக்கொண்டது. வாலை ஆட்டியது. அவர் எழுந்து போகும்வரை காத்திருந்தது. அதைப் புத்தகத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

மிளகு அவளைப் பார்த்தது. அவள் கையிலிருந்த சாக்கைப் பார்த்தது. பிறகு தலையைத் தரையில் வைத்துக்கொண்டது.

"ஏ மிளகு" என்றாள்.

வாழையிலைத் துண்டு ஒன்றைக் கிழித்தாள். இட்லித் துண்டுகளை எல்லாம் அதில் பொறுக்கி வைத்தாள். கொண்டுபோய்ச் சாமியின் முன்னால் வைத்தாள்.

சாமி கீரையைக் கீழே வைத்தார்.

பூசணம் பூத்த ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"நாலு நாள் இருக்கும் சாமி."

"நான் அவனுக்கு ஊட்டுறதா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் சாமி. அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. "அவன்தான் எனக்கு ஊட்டியிருக்கான்."

எழுந்து போனார். மிளகின் எதிரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நெற்றி மண்ணில் பட்டது. மிளகு கஷ்டப்பட்டுக் கழுத்தை நீட்டி அவர் தலையை நக்கியது.

வடிவு இரண்டு வருடத்தில் அவரிடம் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறாள். கோயிலில் அவர் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு கும்பிடை அவள் பார்த்ததில்லை.

அதே நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. அரிசி ஆலை நடத்தும் வன்னியராசன் அண்ணாச்சி, கையில் வாழைப்பழச் சீப்போடு நின்றார். வாரம் ஒருமுறை குடிலுக்கு வருகிறவர். குரு நாயின் காலடியில் கிடப்பதைக் கண்டு, பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

வடிவு நடந்ததைச் சொன்னாள். ஊசியைப் பற்றியும் சொன்னாள்.

அண்ணாச்சி பதறிப்போனார்.

"அது எப்படிம்மா? உசிரைக் குடுத்தவன் எடுக்கட்டும். சாமி குடில்ல இப்படி ஒரு பாவம் நடக்கலாமா? சாமி, நீங்களே சொல்லுங்க."

சாமி எழுந்து நெற்றி மண்ணைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, ஒரு உபகாரம் செய்யணும்."

"உத்தரவு சாமி."

"இவன் தலையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கோங்க. நான் கிணத்தடியில குளிச்சிட்டு வாரேன்."

அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வடிவு மிளகின் தலையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

சாமி குளித்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவர் இவ்வளவு மெதுவாக என்றைக்கும் குளித்ததில்லை.

அந்த அரைமணியில் மிளகு இரண்டு தடவை வாந்தி எடுக்க முயன்றது. ஒன்றும் வரவில்லை. உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டது. வெளியே கேட்காத ஒரு முனகல். மிளகை மடியில் வைத்திருப்பவருக்கு மட்டும் அது தொடையில் அதிரும்.

சாமி திரும்பி வந்தபோது அண்ணாச்சியின் மூக்கு சிவந்திருந்தது. பாவத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

"வண்டி வெளியில நிக்குது" என்றார். "டவுனுக்குப் போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்திரவா?"

சாமி வடிவைப் பார்க்கவில்லை. மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் வடிவு. "மருந்து மட்டும் வாங்கிட்டு வருவோம். நானும் வாரேன்."

அவளோடு வேலை பார்த்த டாக்டர் ஒருவர் டவுனில் இருந்தார். ஏன் எதற்கு என்று கேட்காமல் மருந்தையும் ஊசியையும் எடுத்துக் கொடுத்தார். வலிக்கு ஒரு மருந்தும் தந்தார். சாயங்காலம் அதைக் கொடுத்த பிறகு மிளகு கொஞ்சம் தூங்கியது. அன்று இரவு சாமி மிளகுக்கு எதையும் ஊட்டவில்லை. பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். மிளகும் வாலை ஆட்டவில்லை. இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலை சாமி மிளகைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஆட்டிடையன் குட்டியைத் தூக்குவது போல, நாலு காலையும் மார்பில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. முன்பு தூக்கினால் அவருக்கு மூச்சு வாங்கும். இப்போது பாதி எடைகூட இல்லை.

வடிவு பையோடு பின்னால் நடந்தாள். அண்ணாச்சி மண்வெட்டியோடு வந்தார். நடுவழியில், "நான் கொஞ்ச தூரம் சுமக்கட்டுமா சாமி?" என்று கேட்டார். சாமி தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மேலே போகப் போகக் காற்று வந்தது. மிளகின் மூக்கு துடித்தது. புதர் புதராக, பாறை பாறையாக அது மோந்துகொண்டே போனது. பதினாலு வருடம் தினமும் படித்த பாடத்தை ஒருமுறை சரிபார்ப்பது போல இருந்தது.

சுனைக்கரையில் இறக்கிப் படுக்க வைத்தார்கள். சாமி உள்ளங்கையில் தண்ணீர் அள்ளிக் காட்டினார். மிளகு குடிக்கவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. அந்த ஈரக் கையால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

வடிவு முதல் ஊசியைப் போட்டாள். அது தூங்க வைக்கும் ஊசி. மிளகின் கண் மெல்லச் செருகியது.

சாமி ஏதாவது பதிகம் சொல்வார் என்று அண்ணாச்சி கைகூப்பி நின்றார். சாமி குனிந்து மிளகின் காதோரம் வாயை வைத்தார்.

"போயிட்டு வாடா. நான் பார்த்துக்கிடுதேன்."

முன்னங்காலில் முடியை ஒதுக்கி வடிவு நரம்பைத் தேடினாள். அப்போதுதான் அவள் கை நடுங்கியது. லேசாக அல்ல, மருந்து குழலுக்குள் அலைபாயும்படி நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்து விட்டாள். மறுபடி இழுத்து விட்டாள். சாமி எதிரே உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

மெதுவாக, மிக மெதுவாக மருந்தைச் செலுத்தினாள். மிளகு ஒரு நீளமான மூச்சு விட்டது. நெடுநாள் கழித்து அது வலி இல்லாமல் விட்ட மூச்சு. அடுத்த மூச்சுக்கு அவர்கள் மூவரும் காத்திருந்தார்கள்.

வடிவு ஸ்டெதஸ்கோப்பை மிளகின் நெஞ்சில் வைத்துக் கேட்டாள்.

"போயிட்டான் சாமி."

சாமி அழுதார். மறைக்காமல், வாய்விட்டு, மலை திருப்பிச் சொல்லும்படி அழுதார். துறவி அழலாமா என்று அண்ணாச்சிக்கு ஒரு கணம் தோன்றியிருக்கும். அடுத்த கணம் அவரும் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

சுனைக்கு மேல்புறம், தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்துக் குழி வெட்டினார்கள். சாமி தன் மேல்துண்டில் மிளகைப் பொதிந்து இறக்கினார். மண் தள்ளி, நரி தோண்டாமல் இருக்கக் கல் அடுக்கினார்கள். பிறகு மூவரும் சுனையில் முழுகினார்கள். எப்போதும் போலச் சாமி மூன்று முங்கு முங்கி எழுந்தார்.

அண்ணாச்சி மண்வெட்டியோடு முன்னால் இறங்கிப் போனார். சாமியும் வடிவும் பின்னால் நடந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"சாமி."

"சொல்லுங்க டாக்டரம்மா."

"என் கை நடுங்குச்சு. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சர்வீஸ் பூராவும் ஒரு நாள்கூட நடுங்கினதில்லை. குத்து தவறியிருந்தா? கடைசி நேரத்துல அவனுக்கு வலிச்சிருந்தா? பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஏன் என்னைத் தடுக்கலை?"

சாமி நின்றார்.

"நடுங்காத கையில நான் மிளகைக் குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.